கொழுந்தோடு போன கடைசிப் பக்கங்கள்

வசந்தா,

நீ கேட்டு ஒரு வாரம் ஆகிறது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. காலையில் நீ ஆபீஸுக்குக் கிளம்பும்போது தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, வெளியே பனி எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவனைப்போலத் திரும்பிக்கொள்கிறேன். சாயங்காலம் நீ வருகிற சத்தம் கேட்டதும் கோடாரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விடுகிறேன். இந்த வாரம் நான் பிளந்த விறகு அடுத்த தீபாவளி வரைக்கும் காணும் என்று அம்மா நேற்றுச் சொன்னாள். அவளுக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். நான் பயந்துபோயிருக்கிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் ‘பாக்கலாம்மா’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். இப்போது தேயிலை பெக்டரியின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவில், என் வழக்கமான பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு வந்த கொழுந்து மழையில் நனைந்தது. கீழேயிருந்து சூடான காற்றை விட்டிருக்கிறோம், ஆனாலும் வாடி முடிய மதியம் தாண்டிவிடும். அதுவரைக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். முதலில் நீ படி. பிறகு அம்மாவுக்கு வாசித்துக் காட்டு, அவளைப்பற்றி எழுதியிருப்பதையும் விடாமல். அதற்கப்புறம் லயத்து வரிசை வீடுகளில் யார் கேட்டாலும் கொடு. இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததே போதும்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். ஈப்போவில் ஒரு தமிழ் அச்சகத்தில் அச்சுக் கோர்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்டாய். “நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேம்பா. ஆனா மனசில்லாம சரின்னு சொல்லிராதீங்க” என்றாய். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை விறகுக் குவியலுக்கு விரட்டியது. மனசில்லாமல் சரி என்று சொல்லச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம்.

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பது நம் மூன்று பேருக்கும் தெரியும். அடுத்த மாதம் எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. வேலையிலிருந்து நின்றாக வேண்டும். தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். அம்மா முழங்கால் வலியில் கொழுந்து எடுப்பதை விட்டு வெகுநாள் ஆகிறது. நீ ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் வீடு நமக்கு இருக்கும் என்று ஆபீஸ் கணக்கு வழக்கையெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி சொல்லியிருக்கிறார். நீ போனால் வீடும் போகும். நான் பிறந்தது அந்த லயத்தில், உன் அம்மா மாலையோடு வந்து இறங்கியது அந்த வாசலில். வேறு எந்த இடத்திலும் நான் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் படுத்துத் தூங்கியது கிடையாது.

நான் எதற்கெல்லாம் பயப்படுவேன் என்று உனக்கு ஓரளவு தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன், துரையின் ஜீப்பாக இல்லாவிட்டாலும் நிற்பேன். சர்க்கார் முத்திரை குத்திய கவர் வந்தால் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, நாள் முழுக்க அந்தப் பக்கமே பார்க்காமல் நடப்பேன். அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் பஸ் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கும்போது முன் சீட்டுக் கம்பியை விடவே மாட்டேன். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் உன் அம்மா முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், மயங்கி விழுந்தது நான். இதைக் கேட்டு அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும், அன்றைக்கு என் மூஞ்சியில் தண்ணீர் தெளித்தவளே அவள்தான்.

இப்போது புதுப் பயங்கள் சேர்ந்திருக்கின்றன. நீ தங்கப்போகிற அறைக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா என்று பயமாக இருக்கிறது. காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வைத்துத் தர யார் இருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. ஏதாவது யோசித்துக்கொண்டே ரோட்டில் நடக்கிற பழக்கம் உனக்கு. இங்கே தேயிலைக்காட்டுப் பாதையில் அது சரி, ஈப்போவில் பஸ்ஸும் லாரியும் உனக்காக நிற்குமா? அச்சகத்து முதலாளி எப்படிப்பட்ட ஆளோ? மூன்று மாதத்தில் மூடிவிட்டால் என்ன செய்வாய்? இவற்றையெல்லாம் ஒரு வாரமாகக் கோடாரியோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பயம் என்னோடு பிறந்ததா, வந்து ஒட்டிக்கொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை. நான் சின்னவனாக இருந்தது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள், ரோட்டில் சிப்பாய்கள். யார் எது கேட்டாலும் தலையைக் குனிந்து ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என் அப்பாவின் வழக்கம், அது எனக்கும் வந்துவிட்டது. பிறகு நீ பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி., அதாவது சிவப்பு அடையாள அட்டை, வைத்திருந்தவர்களெல்லாம் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்று ஆன காலம் வந்தது. உன் பெரியப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. கண்ணால் பார்த்தே இராத ஊருக்கு, ‘சொந்த ஊர்’ என்று பெயர் சொல்லி, கப்பல் ஏறிப் போனார். என்னிடம் குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல ஐ.சி.தான் இருந்தது. இருந்தும் அந்த வருஷம் முழுக்க அதை மடித்து வேட்டி மடிப்பிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். அதற்குப் பிறகு என் வாயில் ‘சரிங்க’ தவிர வேறொன்றும் வரவில்லை. வேலை வாங்கும் தண்டல் சொன்னால் சரிங்க, கிராணி சொன்னால் சரிங்க, கோயில் கமிட்டியில் என் பங்குக்கு மேல் கேட்டாலும் சரிங்க.

வெளியே அப்படிக் குழைந்துவிட்டு வந்தவன் வீட்டில் எப்படி இருந்தேன் என்பது உனக்கு மறந்திருக்காது. செருப்பைக் கழற்றும்போதே கத்த ஆரம்பிப்பேன். உன் அம்மா குழம்பில் உப்பு, நீ சிதறவிட்ட பென்சில், அடுப்புப் புகை, எல்லாவற்றுக்கும் கத்தல். உனக்குக் காய்ச்சல் என்றால் உன்னைத்தான் திட்டுவேன், பனியில் ஏன் நின்றாய் என்று. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வாயில் வசவாக வந்தது. பெக்டரியில் எல்லாருக்கும் சாதுவான ஆள், என் பெண்சாதிக்கும் பிள்ளைக்கும் கடுவன் பூனை. இரண்டில் எது நான் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் நீ புத்தகங்களைக் கொண்டுவந்தாய். நாலாம் வகுப்பு. வருஷக் கடைசி லீவில் பெய்த மழையில் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகி, புத்தக அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. திறந்து பார்த்தபோது எல்லாம் ஊறி, பூஞ்சணம் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. குப்பையில் போடப்போகிறோம் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். நீயும் உன் கூட்டாளிகளும் கோணிச் சாக்கில் கட்டி, இழுக்க முடியாமல் இழுத்து, நம் வாசலில் கொண்டுவந்து போட்டீர்கள். இந்த மலையில் துவைத்த துணியே காய்வதில்லை, புத்தகம் எங்கே காயும்? நான் அதைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தபோது நீ நடுவில் புகுந்து, “கொழுந்தைக் காயவெக்கிற எடத்துல வெச்சா காஞ்சிடும்லப்பா” என்றாய். நீ சொன்னது உண்மை. இந்த மலையிலேயே ஈரத்தை எடுக்கத் தெரிந்த இடம் ஒன்று உண்டென்றால் அது என் மேல்மாடிதான்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. சாக்கைத் தோளில் தூக்கி, கொழுந்து மூட்டையோடு மூட்டையாக மேலே கொண்டுபோனேன். மூலையில் ஒரு தட்டு காலியாகக் கிடந்தது. அதன் கம்பி வலையில் புத்தகங்களைப் பரப்பினேன். கீழேயிருந்து வருகிற காற்றில் அட்டை காய்ந்தது, உள்ளே பக்கங்கள் காயவில்லை. அப்படியே விட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும். ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, நடுவில் மெல்லிய மூங்கில் சீவலைச் செருகி வைக்க வேண்டியிருந்தது. கொழுந்து வாடுகிற நேரத்தில் எனக்கு வேறு என்ன வேலை? பிரித்துக்கொண்டே இருந்தேன். பிரிக்கிற பக்கத்தைப் பார்க்காமல் பிரிக்க முடியாதே. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கோயில் நோட்டீஸ் தவிர எதையும் படிக்காத ஆள், எழுத்துக் கூட்டி ஒரு வரி, பிறகு அடுத்த வரி என்று போனேன். அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் கோபம் வந்தது, என்ன ஆச்சு என்று தெரிந்தாகணுமே என்று.

அதில் ஒரு புத்தகத்துக்கு அட்டையே இல்லை. பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. ஒரு மருத்துவச்சியின் கதை. ஊரில் அவளைத் தைரியசாலி என்று எல்லாரும் புகழ்வார்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் காட்டைத் தாண்டிப் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வருவாள். ஆனால் அவளுக்குக் காடென்றால் உயிர் போகிற பயம். யாருக்கும் சொன்னதில்லை. காட்டுக்குள் நுழைகிற இடத்தில் கால் நின்றுவிடும். அப்போது அவள் தன் கையால் இந்த உலகத்துக்கு வந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்ல ஆரம்பிப்பாள். சொல்லிக்கொண்டே நடப்பாள். பயம் போகாது, கூடவே வரும். பெயர்கள் தீர்வதற்குள் காடு தீர்ந்துவிடும்.

இதைப் படித்ததும் அதே பக்கத்தை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பயத்தோடு இருக்கிற ஒருத்தியை நல்லவள் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அச்சடித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு லயத்துக்கு வந்து நான் கத்தவில்லை. உனக்கு ஞாபகம் இருக்காது. உன் அம்மாவுக்கு இருக்கும், அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

அடுத்த நாள் நான் படிக்கும்போது மருத்துவச்சி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டாள். வெள்ளம் போகிறது. அக்கரையில் ஒரு பெண் வலியில் கிடக்கிறாள், இங்கே இருட்டிக்கொண்டு வருகிறது. மருத்துவச்சி தண்ணீரில் ஒரு காலை வைத்து எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் என் கொழுந்து பதமாகிவிட்டது. கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாகி, விட்டால் மெதுவாக விரியும், பழ வாசனை வரும், அதுதான் பதம். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கீழே உருட்டும் மெஷின்காரர் கத்துவார். எழுந்து ஓடினேன். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் தையல் விட்டுத் தனியாக இருந்தன, மேலே கல் வைக்க மறந்துவிட்டேன். சீக்கிரம் முடித்துவிட்டு வந்து படிக்க வேண்டும் என்ற அவசரத்தில், கொழுந்தை வாரி வாரிக் கீழே இறங்கும் குழாயில் தள்ளினேன். காற்றில் பறந்த காகிதம் கொழுந்துக்குள் போய் விழுந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

கீழே மெஷின் அதை இலையோடு இலையாக உருட்டிக் கசக்கிவிட்டது. டீமேக்கர் ஐயா, அதாவது பெக்டரியில் டீத்தூள் தயாரிப்பு முழுவதுக்கும் பொறுப்பான பெரியவர், ஒரு பிடி அள்ளிப் பார்த்திருக்கிறார். பச்சைக் கூழில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது. ஒரு தொட்டி கொழுந்தைக் குப்பையில் கொட்டும்படி ஆயிற்று. உன் அம்மா மாதிரி எத்தனையோ பெண்கள் மழையில் நின்று எடுத்த கொழுந்து. அது என் தப்பு, அதில் சந்தேகமே இல்லை. அவர் படியேறி வருகிற சத்தம் கேட்டது. மூலைத் தட்டில் விரித்துக் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். என் வேலை, இந்த வீடு, நீ, அம்மா, சாமான்களைத் தூக்கிக்கொண்டு நாம் ரோட்டில் நிற்பது, எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கீழே கொண்டுபோய் அடுப்பில் போடு என்றார். நான் ‘சரிங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன். வந்தது வேறு.

“பயமாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா எரிக்க மாட்டேன். பிள்ளைங்க புஸ்தகம்.”

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் உதடு ஆடிக்கொண்டிருந்தது. “ஒனக்கு மட்டும்தான் பயமா? தொர பாத்தாருன்னா என் வேலையும் போச்சுலா” என்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு அவர், சாயங்காலத்துக்குள் இதெல்லாம் இங்கே இருக்கக் கூடாது, நீயும் கொஞ்ச நாளைக்கு இங்கே இருக்க வேண்டாம், தேயிலைக்காட்டு வேலைக்கு எழுதுகிறேன் என்றார். அதற்கு மட்டும் சரிங்க என்றேன்.

மறுபடி மேல்மாடிக்குக் கூப்பிடும் வரைக்கும், அந்த வருஷம் முழுக்க நான் பூச்சி மருந்து டின்னைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கினது உனக்கு ஞாபகம் இருக்கும். சம்பளம் குறைந்தது, உன் அம்மா என்னோடு பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. “புஸ்தகம் சோறு போடுமா? போடாதுலா” என்று கேள்வியும் கேட்டுப் பதிலும் அவளே சொல்லிக்கொண்டாள். நியாயம்தான். ஆனால் பாதி காய்ந்த புத்தகங்கள் நம் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் இருந்தன, சாயங்காலம் நீ ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசிப்பாய். முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்தவள், பிறகு புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள், பிறகு ‘அந்த எடத்த இன்னொருக்கா படி’ என்று சொல்ல ஆரம்பித்தாள். எழுத்துத் தெரியாதவளுக்குத்தான் நம் வீட்டில் எல்லாக் கதையும் மனப்பாடம்.

நானும் வீட்டில் ஒரு புது வார்த்தை பேசப் பழகினேன். கோபம் வரும்போது நிறுத்தி, இது கோபம்தானா என்று பார்ப்பேன். முக்கால்வாசி நேரம் பயமாக இருக்கும். ‘பயமா இருக்கு’ என்று சொல்லிவிடுவேன். நீ முதல் தடவை தனியாகத் தானா ராத்தாவுக்கு பஸ் ஏறிப் போய் இருட்டின பிறகு வந்தாயே, அன்றைக்குக் கையை ஓங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், ஓங்கின கையை இறக்கிவிட்டு, “பயந்துட்டேம்மா” என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அடித்திருந்தால் நீ அழுதிருக்க மாட்டாய், முறைத்திருப்பாய். புத்தகம் மனிதனைத் தைரியசாலி ஆக்கும் என்று வாத்தியார்கள் சொல்வார்கள். என்னை அது ஒன்றும் அப்படி ஆக்கவில்லை. நான் யார் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள வைத்தது. அதற்குப் பிறகுதான் நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது என்று உன் அம்மாவே சொல்வாள், கேட்டுப் பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் உன்னை ஏமாற்றினேன். மருத்துவச்சி ஆற்றைத் தாண்டினாளா என்று நீயும் அம்மாவும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கடைசிப் பக்கங்கள் கொழுந்தோடு போய்விட்டன. படித்த மாதிரி ஒரு முடிவைச் சொன்னேன். அக்கரையிலிருந்து அந்தப் பெண்ணையே கட்டிலோடு தூக்கி இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மருத்துவச்சி ஆற்றில் இறங்கவே வேண்டியதில்லை, வீட்டில் அடுப்புப் பக்கத்தில் சூடாக உட்கார்ந்து பிரசவம் பார்த்தாள் என்று சொன்னேன். அம்மா நம்பிவிட்டாள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இல்லப்பா. அவங்க போயிருப்பாங்க” என்றாய். பத்து வயசு உனக்கு. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நீ பாரம் ஐந்தோடு பள்ளிப் படிப்பை முடித்ததும் நான் செய்ததும் அதேதான் என்று இந்த வாரம் விறகு பிளக்கும்போது புரிந்தது. உன்னைக் கேட்காமல் பெரிய கிராணி வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆபீஸில் இடம் வாங்கினேன். லயமே என்னைப் பாராட்டியது, நம்மாள் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று. நீயும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, ‘சரிப்பா’ என்றாய். அந்த ‘சரி’ எந்த ஊர்ச் சரி என்று எனக்குத் தெரியாமலா? என் வாயில் வளர்ந்ததுதானே? ஆபீஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு நீ பரணில் கை வைப்பது குறைந்தது. பிறகு நின்றே போனது. அம்மா கேட்டால் கண் வலிக்கிறது என்பாய். பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். நாளைக்கு நான் வேலையிலிருந்து நின்றதும் இந்த வீட்டுக்கு வாடகை நீதான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

போன மாதம் ஈப்போவிலிருந்து வந்தாயே, அச்சகத்தைப் பார்த்துவிட்டு. ஈயத்தில் வார்த்த எழுத்துகளைப் பெட்டியில் அறை அறையாக வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்க வேண்டும், எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். விரல் நுனியில் மை போகவில்லை, அதைக் கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தாய். அன்றைக்குப் பரணிலிருந்து ஒரு புத்தகத்தையும் இறக்கினாய். அம்மா என்னைப் பார்த்தாள், நான் ரசத்தைப் பார்த்தேன்.

சரி, கொழுந்து வாடிக்கொண்டு வருகிறது. பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நான் விறகு பிளக்கவில்லை. மத்தியானம் லீவு போட்டுவிட்டு, கம்போங் ராஜாவுக்குப் போனேன். அங்கே மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறது. தகரக் கூரை, மழை பெய்தால் பேச முடியாது, அம்மா என்னைத் திட்டினாலும் காதில் விழாது. அது ஒரு லாபம். கடைக்காரருடைய தோட்டத்தில் கோஸ் நாற்று நட ஆள் வேண்டுமாம், உட்கார்ந்து செய்கிற வேலை என்றார். அட்வான்ஸ் கொடுக்கும்போது கை நடுங்கியது. ‘குளிருதா?’ என்று கேட்டார். ‘இல்லங்க, பயமா இருக்கு. பொறந்த வீட்ட விட்டு வரணும்’ என்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவரும் கிளந்தானிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவராம், முதல் வருஷம் தூங்கவே இல்லை என்றார். பயமாக இருக்கிறது என்று நாம் முதலில் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் எப்படித் திறந்துகொள்கிறார் பார். அந்த அட்டையில்லாத புத்தகம் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து இது. ஈப்போவில் உனக்கும் உதவும், வைத்துக்கொள்.

அம்மாவிடம் அறையைப் பற்றி நேற்றே சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பயந்தேன். “பரண்ல இருக்கிற புஸ்தகத்த எதுல கட்றது?” என்றுதான் கேட்டாள்.

மற்றபடி உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. தாழ்ப்பாளைப் பார்த்து வாங்கு. ரோட்டைத் தாண்டும்போது யோசிக்காதே. முதலாளி தப்பாகப் பேசினால் ‘சரிங்க’ என்று சொல்லாதே, அதை நம் வீட்டில் நான் உனக்கும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டேன். வேலை பிடிக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் வந்துவிடு, தகரக் கூரைக்குக் கீழே மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். புத்தகம் படிப்பதை மட்டும் எனக்காகவோ வேறு எவனுக்காகவோ நிறுத்திவிடாதே. நீ படிப்பதை நிறுத்திய அந்த வருஷங்களில் நம் வீட்டில் நீ இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. ஈப்போவுக்குப் போனால் நீ இல்லாமலும் இருக்கிற மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருக்காவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது.

கதையின் முடிவை மாற்றிச் சொல்கிறேன், அம்மாவுக்கும் வாசித்துவிடு. அந்த மருத்துவச்சி போனாள், வசந்தா. நீ சொன்னதுதான் சரி. நடுங்கிக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள், பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். அக்கரை சேர்ந்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் என்னிடம் இல்லை. போனாள் என்பது வரைக்கும் தெரியும். நீயும் போ. மனசோடுதான் சொல்கிறேன்.

நீ கிளம்புகிற அன்றைக்கு தானா ராத்தா வரைக்கும் வருவேன். ஈப்போவுக்குப் போக உன்னைத் தாப்பா பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், ஜன்னல் பக்கம் உட்கார். பஸ் முதல் வளைவில் திரும்பி மறைந்ததும் என் கால் நின்றுவிடும், எனக்கு இப்போதே தெரியும். அந்த மருத்துவச்சிக்கு ஊர் முழுக்கப் பிள்ளைகளின் பெயர் இருந்தது. எனக்கு ஒரே பெயர்தான். அதையே திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு லயம் வரைக்கும் நடந்துவிடுவேன். வழியில் யாராவது என்னய்யா ஆச்சு என்று கேட்டால், பயமா இருக்கு, பிள்ளையை அனுப்பிட்டு வரேன் என்று சொல்வேன்.

அப்பா